லைன் வீட்டுப் பிள்ளைக்கு யார் சோதனை வைப்பது?

(பைக்காராவில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில தகவல்களைச் சேர்த்திருக்கிறேன்.)



காலையில் இந்த மைக் செட் வேலை செய்யவில்லை. ஊட்டியிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள். பின்வரிசையில் ஜெர்கின் போட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் ஓட வைத்தான். என் தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று நான் பேசப்போவதில் பாதி அவனைப் பற்றியது. கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "பேரைச் சொல்லாம சொல்லு, அக்கா" என்றான்.

தலைப்பு, பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் செய்யப்படும் மூளை, நரம்பு வளர்ச்சி மதிப்பீடு. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா, அறிவுசார் குறைபாடு ஆகியவற்றைக் கண்டறியும் சோதனைகள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு தோழர், "இதெல்லாம் அடையாறு, அண்ணாநகர் பிரச்சினை இல்லையா? நம்ம மேடையில எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நடுவட்டம் போகிற வழியில் ஓர் எஸ்டேட் லைனில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அந்தக் கணக்கில் வந்தவர் என் பாட்டி. கண்டிச் சீமையில் கொழுந்து பறித்தார், மண்டபம் முகாமில் இறங்கினார், இங்கே வந்து மறுபடி கொழுந்து பறித்தார். நாடு மாறியது. கூடை மாறவில்லை. நாங்கள் யார் என்று கேட்க இந்த மலையில் யாரும் சாதிப் பெயரைக் கேட்பதில்லை. "எந்த லைன்?" என்று கேட்டால் போதும்.

பள்ளியில் எங்களைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. "லைன் பசங்களுக்குப் படிப்பு ஏறாது." இதை இத்தனை நாள் நான் வசவு என்றுதான் நினைத்திருந்தேன். ஆய்வுக்கு வந்தபிறகுதான் இது வசவு மட்டுமல்ல, ஒரு நோயறிதல் என்று புரிந்தது. எந்தச் சோதனையும் இல்லாமல், எந்தப் பிள்ளையையும் பார்க்காமல், நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் எழுதிக் கொடுக்கப்பட்ட நோயறிதல். சாதி இப்படித்தான் சோதனை வைக்கிறது, தெருவுக்கு மொத்தமாக. ஒழுங்கான மதிப்பீடு செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரான காரியம். ஒரே ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்து, இரண்டு மூன்று மணி நேரம், அந்தப் பிள்ளை எதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்பது. எங்கள் லைனில் எந்தப் பிள்ளையையும் யாரும் அப்படி இரண்டு மணி நேரம் பார்த்ததில்லை.

தம்பி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது 'கொழுந்து' என்று எழுதச் சொன்னால் 'காழுந்து' என்று எழுதுவான். தமிழில் 'கொ' எழுதுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்'. கையில் முதலில் எழுதுவது கொம்பு. ஓசை ஒரு வரிசையில் வர, எழுத்து இன்னொரு வரிசையில் போகிறது. நமக்கு இது பழகிவிட்டது. அவனுக்குப் பழகவே இல்லை. கொம்பு காணாமல் போகும், அல்லது கால் காணாமல் போகும். ரெட்டைக் கொம்பையும் ஒற்றைக் கொம்பையும் அவன் பிரித்ததே இல்லை. ஆனால் வாய்க்கணக்கில் என்னை முந்துவான். அம்மா வாரம் முழுக்கப் பறித்த கொழுந்தின் கிலோ கணக்கை மனதிலேயே கூட்டி, கணக்கப்பிள்ளை போட்ட எடையில் தப்பு கண்டுபிடிப்பான். வளைவுக்கு அப்பால் வரும்போதே இன்ஜின் சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொல்வான்.

பள்ளியில் அவனுக்குக் கிடைத்தது கடைசி பெஞ்சு, பிறகு வராண்டா, பிறகு சாருக்கு டீ வாங்கிவரும் வேலை. என்னைப் பற்றி, "லைன்ல இருந்து வந்தும் நல்லா படிக்குதே இந்தப் பொண்ணு" என்பார்கள். நான் படித்தால் அது ஆச்சரியம். அவன் படிக்காவிட்டால் அது இயல்பு. இரண்டுமே ஒரே நோயறிதலின் இரண்டு பக்கங்கள்தான். அவனிடம் தனியாக ஏதோ இருக்கிறது, பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? லைன் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்காவிட்டால் விளக்கம்தான் தயாராக இருக்கிறதே.

2007 கடைசியில் ஓர் இந்திப் படம் வந்தது, 'தாரே ஜமீன் பர்'. டிஸ்லெக்சியா உள்ள ஒரு நடுத்தர வர்க்கத்துப் பையனைப் பற்றியது. அப்போது என் தம்பி ஏழாம் வகுப்பு. நாடே அந்தப் பையனுக்காக அழுதது. அடுத்த ஆண்டு தம்பி பள்ளியை விட்டான். யாரும் அழவில்லை. நானும் அழவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிக்கொண்டிருந்த நானும் அவனை மக்கு என்றுதான் நினைத்தேன்.

இந்தச் சோதனைகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். 1905இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் முதல் அளவுகோலை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அறிவு என்பது பிறக்கும்போதே அடைத்து வைக்கப்பட்ட சரக்கு என்ற கருத்தை பினே ஏற்கவில்லை. அளவுகோல் அமெரிக்காவுக்குப் போனதும் கதை மாறியது. அங்கே அதை எடுத்துக்கொண்ட காடர்ட், டெர்மன் போன்றவர்கள் பரம்பரைவாதிகள். எந்த இனத்துக்கு மூளை குறைவு என்று பட்டியல் போடும் கருவியாக அது மாறியது.

இங்கேயும் வந்தது. 1920களில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் ஒரு இந்துஸ்தானித் தழுவலைச் செய்தார். 1930களில் தார்வாரில் காமத், கன்னடத்திலும் மராத்தியிலும் செய்தார். 1969இல் நாக்பூரில் மாலின், வெக்ஸ்லர் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றினார். நூறாண்டுப் பழைய கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். காமத்தும் மாலினும் இன்றும் நம் மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருக்கும் பெயர்கள். ஒரு சோதனையில் 'சராசரி' என்பது, அதை உருவாக்கியபோது எந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து அளந்தார்களோ அவர்களின் சராசரி. 1930களில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யார் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறப்பை வைத்து மூளையை அளக்கும் வேலைக்கு எதிராக நமக்கு ஒரு மரபு உண்டு. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதிய புரட்சியாளர் அம்பேத்கர், சாதி ரத்தத்தைச் சுத்தமாக வைத்து இனத்தை மேம்படுத்துகிறது என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு அதன் பல்லைப் பிடுங்கினார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து பெரியார் தெருவுக்கு வந்ததும் இதே கேள்விக்காகத்தான். வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு அரைநாள் படிப்பு போதும் என்று முடிவு செய்ய யாரும் அந்தப் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பன் யார் என்று தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

சோதனை வைத்தும் அதே முடிவுக்கு வரலாம். அதற்கும் உதாரணங்கள் உண்டு. 1971இல் லண்டனில் கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் ஒரு சிறு நூல் எழுதினார். கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் எப்படி அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் 'கல்வியில் குறைநிலை' பள்ளிகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று அதில் காட்டினார். வெள்ளைப் பிள்ளைக்காக வெள்ளைப் பேச்சில் எழுதப்பட்ட கேள்வி, எதிரே வெள்ளை அதிகாரி, பதில் வரவில்லை, எனவே மூளை இல்லை. செக் நாட்டின் ஆஸ்த்ராவா நகரத்தில் ரோமா பிள்ளைகளுக்கும் இதே கதை. இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று சொல்கிறோமே, அந்த ரோமா மக்கள். அந்த நகரத்தில் ஒரு ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு மற்றப் பிள்ளையைவிட 27 மடங்கு என்று வழக்கில் கணக்குக் காட்டினார்கள். 18 பிள்ளைகளின் பெயரில் நடந்த வழக்கு அது. 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம் மலைக்கு வருவோம். பைக்காராவைச் சுற்றி ஒரு நாள் நடந்தால் எத்தனை மொழி கேட்கும்? தோடர் மந்தில் தோடா, ஹட்டியில் படுகு, லைனில் மலையகம் கலந்த தமிழ், கூடலூர்ப் பக்கம் இறங்கினால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பேச்சு, கூடவே மலையாளம், கன்னடம். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட 6 சமூகங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. மதிப்பீடு நடப்பது எந்த மொழியில்? நாளிதழ்த் தமிழில், சில நேரம் ஆங்கிலத்தில்.

களப்பணியில் ஒரு பணியர் சிறுமியைச் சந்தித்தேன். ஏழு வயது. ஒரு முகாமில் அவளைச் சோதித்து, அறிவுவளர்ச்சி மிகக் குறைவு என்று எழுதியிருந்தார்கள். எந்த முகாம், யார் என்பதெல்லாம் வேண்டாம். கேட்டவர் தமிழில் கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததற்கு மதிப்பெண் பூஜ்யம். சில மாதம் கழித்து அவள் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சில் கேட்டபோது அவள் கட்டைகளை அடுக்கினாள், எண்ணினாள், படத்தில் எது இல்லை என்று சொன்னாள். அந்நியர் முன்னால் பேசாமல் இருப்பது, தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமை வேலை பார்த்த ஒரு சமூகம் உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட பாடம். தாளில் அதற்குப் பெயர் 'பதில் இல்லை'.

வைன்லேண்ட் அளவுகோல் என்று ஒன்று. இதுவும் மாலின் தழுவியதுதான். பிள்ளை தானாகச் சாப்பிடுகிறதா, உடுத்துகிறதா என்றெல்லாம் அம்மாவிடம் கேட்பார்கள். நல்ல யோசனைதான், அம்மாவுக்குத் தெரிந்ததைக் கேட்கிறார்கள். அதில் ஒரு கேள்வி, அக்கம்பக்கத்தில் தனியாகப் போய்வருகிறதா என்பது. கரடியும் காட்டெருமையும் புலியும் உலவும் ஊரில் எந்த அம்மா பிள்ளையைத் தனியாக அனுப்புவாள்? "அனுப்பமாட்டோம்" என்று சொன்னால் மதிப்பெண் குறையும். கேட்பவருக்கு இந்த மலை தெரிந்திருந்தால் அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்பார்.

லைபீரியாவில் கெப்பெல்லே விவசாயிகளிடம் ஆராய்ச்சியாளர்கள் இருபது பொருள்களைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்களாம். உணவு, கருவி, பாத்திரம், துணி என்று பிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். விவசாயிகளோ கத்தியை ஆரஞ்சோடு சேர்த்தார்கள், கத்திதானே ஆரஞ்சை வெட்டும்? புத்திசாலி இப்படித்தான் சேர்ப்பான் என்றார்கள். அலுத்துப்போன ஆராய்ச்சியாளர், "சரி, முட்டாள் எப்படிச் சேர்ப்பான்?" என்று கேட்டார். உடனே உணவு ஒரு குவியல், கருவி ஒரு குவியல் என்று அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். என் பாட்டியிடம் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தால் தேயிலைச் செடிப் பக்கத்தில்தான் வைப்பார். அடுப்படிக் கத்தியோடு சேர்க்கமாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது உத்தரப்பிரதேசத்தில் நடந்த ஒரு சோதனை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004இல் உலக வங்கி ஆய்வறிக்கையாக வெளியிட்டது. கிராமத்துப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்கள். ஆதிக்கச் சாதியில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியில் 321 பேர். தாளில் போட்ட புதிர்வழியில் பென்சிலால் வெளியேறும் பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு. சாதியைப் பற்றி எதுவும் பேசாமல் விளையாட விட்டபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் முடித்தார்கள். அடுத்து, வேறு குழுக்களில் ஒரு சின்ன மாற்றம். ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னாலும் வாசித்து, சரிதானே என்று தலையாட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கடகடவென்று சரிந்தது. அதே வயது, அதே புதிர். நடுவில் வந்தது ஒரு தலையாட்டல்.

மாலின் சோதனையிலும் புதிர்வழி உண்டு. நம் ஊரில் எந்தச் சோதனையும் எப்படித் தொடங்குகிறது? "பேரு? அப்பா பேரு? என்ன வேலை பார்க்கிறாரு? எந்த ஊரு? எந்த லைன்?"

இதுவரை கேட்டவர்கள், அப்படியானால் இந்தச் சோதனைகளே வேண்டாம், தூக்கி எறிவோம் என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். சில ஆண்டுகள் நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அந்த இடம் வசதியானது. மேடையில் கைத்தட்டலும் வாங்கித் தரும். ஆனால் அங்கே நின்றுகொண்டிருக்கும் வரை என் தம்பிக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுவரையான 3,964 பிள்ளைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பார்வை, செவித்திறன், வலிப்பு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் சேர்த்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் 13.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். இதனோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவற்றைக் கேளுங்கள்: வீட்டில் பிரசவம், பிறந்ததும் அழாமல் போவது, எடை குறைவு, குறைமாதம், வளர்ச்சி குன்றிய உடம்பு. கூடையைச் சுமந்துகொண்டு ஏழாம் மாதம் வரை மேட்டில் ஏறி இறங்கும் ரத்தசோகைக்காரிகளின் பிள்ளைகளுக்கு இவை எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று யோசியுங்கள். ஆகவே இது அண்ணாநகர்ப் பிரச்சினை அல்ல. அண்ணாநகரில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. லைனில் 'மக்கு', 'திமிரு', 'காத்து கருப்பு'. ஆட்டிசம் உள்ள பிள்ளை சாரின் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால், அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பதைப் பொறுத்து அது நோய்க்குறியாகும், அல்லது திமிராகும்.

சட்டத்தையும் பாருங்கள். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகள்தான். ஆட்டிசம் இல்லை, கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் இடஒதுக்கீடு. ஆனால் சட்டத்துக்கு முன்பே சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்றெல்லாம் சலுகை இருந்தது. மதிப்பீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு அது கிடைத்தது. நமக்கு இடஒதுக்கீடு என்றால் 'தகுதி' பற்றி வகுப்பெடுப்பவர்கள், தங்கள் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கும்போது அதை மருத்துவம் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அது உரிமைதான், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நம் பிள்ளைக்கும் அதே உரிமை என்பதுதான் வழக்கு.

2022இல், தம்பிக்கு 27 வயதில், ஒரு பெருநகர அரசு மருத்துவமனைக்கு அவனைக் கூட்டிப்போனேன். தனியாரில் விசாரித்தபோது சொன்ன தொகை அம்மாவின் இரண்டு வாரக் கூலி. அரசு மருத்துவமனையில் பணமில்லை, நாள்தான். மூன்று முறை போகவேண்டியிருந்தது. சோதித்த பெண் நல்லவர். பெயர், ஊர் கேட்பதற்கு முன், "நீங்க எதையெல்லாம் ரிப்பேர் பண்ணுவீங்க?" என்று கேட்டார். அவன் அரை மணி நேரம் பேசினான். பிறகுதான் தாளை எடுத்தார்.

முடிவு: வாசிப்பும் எழுத்தும் இரண்டாம் வகுப்பு நிலை. கட்டைகளை வைத்து வடிவம் அமைப்பதில் சராசரிக்கு நல்ல உயரத்தில். கேள்விஞானத்தில் குறையில்லை. வாசிப்புக்கான குறிப்பிட்ட கற்றல் குறைபாடு.

இந்த அறிக்கை மூன்று பக்கம். முழுக்க ஆங்கிலம். படிக்க முடியாதவனுக்கு, படிக்க முடியவில்லை என்று, அவனால் படிக்க முடியாத மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை. ஊட்டி வந்து இறங்கியதும் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் மூன்று பக்கத்தையும் லேமினேட் செய்தான். ரேஷன் கார்டு, ஆதார் அட்டையோடு ஒரே பையில் வைத்திருக்கிறான். இப்போது போனில் வாசித்துக் காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு மோட்டார் கம்பெனிகளின் கையேடுகளைக் கேட்கிறான். இருபது வருடத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தால் நான் பேச முடியாது, விடுங்கள்.

முத்திரை பற்றிய பயத்தையும் பேச வேண்டும். லைனில் ஓர் அக்கா சொன்னார், "ஏற்கனவே ஒரு முத்திரை குத்தியாச்சு, இன்னொண்ணு எதுக்கு?" அந்தப் பயம் அறியாமை அல்ல, அனுபவம். சான்றிதழ் கிடைத்ததும், "இவனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது" என்று டி.சி.யை நீட்டும் பள்ளிகள் இருக்கின்றன. அதனால் தாள் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அந்தத் தாளைக் காட்டி எந்தப் பள்ளியும் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது என்பதையும் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். நான்கு பேராகப் போய்ச் சொல்லுங்கள், தனியாக அம்மாவை அனுப்பாதீர்கள்.

கோட்டுக்கு அந்தப்பக்கம் விழும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி வைன்லேண்டில் 55 முதல் 69 என்றால் 50 சதவீதக் குறைபாடு. 70 முதல் 84 என்றால் 25 சதவீதம். சலுகைகளுக்கான கோடு 40. ஆக 69க்கும் 70க்கும் நடுவில் ஒரு பிள்ளையின் பள்ளிக்காலமே தொங்குகிறது. போதாததற்கு, தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் ஏறுவதால், பழைய சராசரியை வைத்து அளக்கும் அறிவுச் சோதனைகளில் இன்றைய பிள்ளையின் மதிப்பெண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். உதவி தேவைப்படும் பிள்ளை 'தேறிவிடும்'. சோதனை ஒரு பக்கம் மட்டும் தவறுவதில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் காது. இந்தக் குளிரிலும் ஈரத்திலும் காதில் சீழ் வடியும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கேட்காத பிள்ளைக்கு அறிவுச் சோதனை வைப்பது அநியாயம். காதையும் கண்ணையும் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரமின் கீழ் பிறப்பு முதல் 18 வயதுவரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பரிசோதிக்க வேண்டும், வளர்ச்சித் தாமதமும் அதில் உண்டு. வட்டார வள மையம் நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. அங்கே போகும்போது பிள்ளையின் வீட்டுப் பேச்சு தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அறிக்கையைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிள்ளைக் காப்பகம். பாட்டி கடைசிவரை 'புள்ளைக் காம்பரா' என்றுதான் சொன்னார். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்கள் வேலை செய்தாலோ அவர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ காப்பகம் கட்டாயமாக இருந்தது. அங்கே இருக்கும் ஆயா வருடத்துக்கு முப்பது பிள்ளைகளைத் தவழ்வதிலிருந்து பேசுவது வரை பார்க்கிறவர். எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, எந்தப் பிள்ளை கை நீட்டிக் காட்டவில்லை என்று டாக்டருக்கு முன்பே அவருக்குத் தெரியும். எங்கள் லைன் ஆயா என் தம்பியைப் பற்றி அம்மாவிடம், "இவன் கையில மூளை இருக்குடி" என்று சொல்லியிருக்கிறார். எழுதி வைத்துக்கொள்ள யாரும் இல்லை. தோட்டத்துச் சங்கங்கள் கூலி உயர்வோடு சேர்த்து, ஆயாக்களுக்கு இதற்கான பயிற்சியையும் கேட்கலாம். பிள்ளையைச் சோதனைக்குக் கூட்டிப்போகும் நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது என்பதையும் கேட்கலாம். ஊட்டி இங்கிருந்து 20 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாள் 'பேர்' போய்விடும் என்றால் அது இருநூறு கிலோமீட்டர்.

இங்கிருந்து 1932 முதல் கரண்ட் எடுக்கிறார்கள், கோயம்புத்தூர் மில்கள் இதில்தான் ஓடின. "இங்கருந்து எல்லாம் கீழ போகும், கீழருந்து ஒண்ணும் மேல வராது" என்பார் பாட்டி. சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழிருந்து யாராவது வந்தால், அவரை எந்த மொழியில், எந்த வரிசையில் கேள்வி கேட்கவைப்பது என்று நாம் இப்போதே பேசிவைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஆசிரியப் பயிற்சி படிக்கும் தோழர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். உளவியல் படிக்கும் ஒரு தோழியும் இருக்கிறார். தோடா பேசுபவர், படுகு பேசுபவர் இருக்கிறார்கள். பெயரும் நம்பரும் எழுத ஒரு நோட்டு சுற்றிவரும், எழுதுங்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம். கூடலூர் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. பஸ் வளைவு திரும்பும்போதே பின்வரிசையில் இருப்பவன் சொல்லிவிடுவான்.